ஏழு டேக்கும் இமைத்தவன்

குத்து பொய்யாகத் தெரிந்தது. அதுதான் பிரச்சினை.

இத்தனைக்கும் அது பொய்யே இல்லை. திரைப்படக் கல்லூரியில் படிக்கும் அவள் எடுத்த படத்தில், வகுப்புத் தோழன் பஞ்சுவின் கன்னத்தில் கையுறை நிஜமாகவே பட்டது. (தொட்டாலே 'ஆ' என்பான்; அதனால் பஞ்சு.) கன்னம் சிவந்தது. அந்தச் சிவப்பைக் காட்டியே இரண்டு நாள் கேன்டீனில் ஓசி டீ குடித்தான். ஆனால் திரையில் ஓடவிட்டால்... ஒரு நிமிடம் பன்னிரண்டாவது நொடி வந்ததும் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

முப்பத்தாறு பேருக்குப் போட்டுக் காட்டிக் கேள்வித்தாள் கொடுத்திருந்தாள். முப்பத்து மூன்று பேர் 'சண்டை நம்பும்படி இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். 'ஏன்?' என்ற கட்டத்தை அந்த முப்பத்து மூன்று பேரும் காலியாக விட்டிருந்தார்கள்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அக்காவிடம் காட்டினாள்.

"என்னமோ இடிக்குதுடி."

"என்ன இடிக்குதுன்னு சொல்லுக்கா!"

"அது தெரிஞ்சா நான் டைரக்டர் ஆயிட்டு உன்னை மூக்குக்கண்ணாடி விக்க அனுப்பியிருப்பேன்."

அவள் கேமராவைத் தோளுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். சத்தத்தைக் கூட்டினாள். குத்தின் வேகத்தைக் கூட்டினாள். சிரிப்பும் கூடியது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமா இது? இறுதியாண்டில் பதினொரு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு படத்தின் தொடக்கத்தை மட்டும், இரண்டே நிமிடத்துக்கு, எடுத்துத் தர வேண்டும். கூடவே ஆராய்ச்சிக் கோப்பு. அதில் மூன்று தேர்வாகும். அந்த மூன்று குழுக்களுக்குத்தான் முழுப் படம் எடுக்கக் கல்லூரி கேமரா தரும். மற்றவர்கள் அவர்கள் படத்தில் லைட் பிடிக்க வேண்டியதுதான். மூன்று வருடமாக அவள் லைட் பிடித்தாயிற்று. திங்கட்கிழமை கடைசி நாள். இன்னும் பத்தே நாள்...

அன்று மாலை குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தைத் தேடிப் போனாள். சந்துக்குள் நுழையும்போதே மழை பிடித்துக்கொண்டது. எதிரிலிருந்த மூடிய கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கினாள்.

சந்தின் அந்தப் பக்கம், பயிற்சிக்கூடத் தகரக் கூரையின் ஓரமாக ஒருவன் நின்றிருந்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முகத்தைத் திருப்பினாள். அரை நிமிடம் கழித்து மெல்லத் திரும்பினால்... இன்னமும் பார்க்கிறான். பெரிய கண்கள், மழையில் கழுவிவிட்ட மாதிரி கறுகறுவென்று. ஒரு இமைப்புகூட இல்லை! சே, கண் அழகாக இருந்தால் இப்படி வெறிக்கலாம் என்று சட்டமா?

கோபம் மழையை மறக்கடித்தது. சந்தைக் கடந்து நேராக அவன் முன் போய் நின்றாள்.

"என்னங்க, பொண்ணுங்களையே பார்த்ததில்லையா?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டு..."

"என்னது?"

"நூத்தி நாப்பத்தி மூணு... கொஞ்சம் தள்ளிக்கங்களேன், மறைக்குது."

சொட்டென்று ஒரு துளி அவள் உச்சந்தலையில் விழுந்தது. அவன் பெருமூச்சு விட்டான்.

"போச்சு. இருநூறுக்கு இன்னும் அம்பத்தேழுதான் பாக்கி."

"எதை எண்றீங்க நீங்க?"

"சொட்டு. மூக்குக்கு நேரா விழுது பாருங்க... ஒவ்வொண்ணு விழும்போதும் கண்ணு தானா மூடப் பார்க்கும். மூட விடாம எண்ணணும். ஒரு தடவை மூடினாலும் மறுபடி ஒண்ணுலருந்து."

"அப்போ என்னைப் பார்க்கலையா?"

"நீங்க இப்பதானே வந்தீங்க?"

அவள் முகம் சூடானது. உள்ளேயிருந்து ஒரு முரட்டுக் குரல் கேட்டது. "டேய் ஆந்தை! யாருடா அது?" குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய உடம்பு வந்தது. அவனை எல்லோரும் 'லாரி' என்று கூப்பிடுவது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வந்த காரியத்தைச் சொல்லி, போனில் படத்தைப் போட்டுக் காட்டினாள். லாரி சிரித்தான். ஆந்தை மட்டும் சிரிக்கவில்லை. போனை வாங்கி, அந்தப் பன்னிரண்டாவது நொடியை ஒவ்வொரு பிரேமாகப் பின்னால் நகர்த்தினான்.

"இங்க பாருங்க டைரக்டர். அடிக்கிறவர் கை இன்னும் கிளம்பவே இல்ல. உங்க ஹீரோ அதுக்குள்ள கண்ணை மூடிட்டாரு."

அவள் குனிந்து பார்த்தாள். ஆமாம்! கையுறை அசையாமல் நிற்கிறது. பஞ்சுவின் இமைகள் இறுக மூடியிருக்கின்றன.

"அடி எப்போ வரும்னு அவருக்குத் தெரியும். நீங்க 'மூணு, ரெண்டு, ஒண்ணு'ன்னு எண்ணியிருப்பீங்க."

"அ... அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கண்ணே சொல்லுதே. பார்க்கிறவங்களுக்குக் காரணம் பிடிபடாது, ஆனா பொய்னு மட்டும் தெரிஞ்சிடும். எல்லாரும் கையைத்தான் பார்க்கறோம்னு நினைச்சுக்கறோம். நிஜத்துல பார்க்கிறது கண்ணை."

முப்பத்து மூன்று காலிக் கட்டங்களுக்கும் ஒரே வரியில் பதில்! அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பதிலாக நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டாள்.

அந்த நோட்டுதான் வினையாக முடிந்தது.

அடுத்த ஐந்து நாளும் மாலையானால் பயிற்சிக்கூடத்தில் இருந்தாள். கையில் துணி சுற்றுவது எப்படி, மணி அடிக்க எத்தனை நொடி முன்னால் பல்லுக்குக் கவசம் மாட்டுவார்கள், எல்லாவற்றையும் எழுதினாள். "ரிங்குக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி மனசுல என்ன ஓடும்?" என்று கேட்டாள். "பாத்ரூம் எந்தப் பக்கம்னு ஓடும்" என்றான் லாரி. அதையும் எழுதினாள்.

புதன்கிழமை, மழைவிட்ட வாசற்படியில் உட்கார்ந்து, ஆந்தை தானாகச் சொன்னான். போன வருடப் போட்டியில் முதல் சுற்றிலேயே விழுந்துவிட்டான். கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். வழுக்கவில்லை. ஒரு இடது கைக் குத்து வந்தது; கண்ணை மூடிவிட்டான்.

"இது லாரிக்குக்கூடத் தெரியாது" என்றான்.

'என்னிடம் மட்டும்...' வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

ஆனால் டைரக்டர் புத்தி சும்மா இருக்குமா? ராத்திரியே ஸ்டோரிபோர்டை மாற்றி வரைந்தாள். வியாழக்கிழமை, எல்லோரும் பார்க்கட்டும் என்று பயிற்சிக்கூடச் சுவரில் ஒட்டினாள். ஒன்பது கட்டங்கள். லாரி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"கட்டம் ஏழு. இடது குத்து வருகிறது. வீரன் கண்ணை மூடுகிறான். கட்டம் எட்டு. விழுகிறான். கட்டம் ஒன்பது. 'கால் வழுக்கிவிட்டது' என்று நண்பர்களிடம் பொய்..."

லாரி நிறுத்தினான். திரும்பினான். "டேய்... அப்போ கால் வழுக்கலையாடா?"

ஆந்தை கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"என்கிட்ட பேச வந்தீங்கன்னு நினைச்சேன் டைரக்டர். குறிப்பெடுக்க வந்தீங்கன்னு தெரியாம போச்சு."

போய்விட்டான்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "யாருடி அந்தப் பையன்?" என்றாள் அக்கா. "எந்தப் பையன்?" என்றாள் இவள். "சரி, எந்தப் பையனும் இல்ல. அழுது முடிச்சிட்டு லைட்டை அணை."

வெள்ளிக்கிழமை காலை அவள் மறுபடி போனாள். ஸ்டோரிபோர்டை அவளே சுவரிலிருந்து உரித்தாள்.

"கதையை எடுத்துட்டேன். மன்னிப்பு கேக்க வந்தேன்... அதோட ஒரு உதவியும். உங்க கை என் முகத்துக்கு நேரா வரணும். நான் கண்ணை மூடாம நிக்கணும்."

"எதுக்கு?"

"ஒரே கட்டத்துல உங்களைக் 'கண்ணை மூடுகிறான்'னு எழுதிட்டேன். அது என்னன்னு தெரியாமலே எழுதிட்டேன்."

அவன் ஆணியிலிருந்து கையுறையை எடுத்தான். மாட்டினான். மிக மெதுவாகத்தான் கை வந்தது. அவள் மூக்கு நுனிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. அவள் இமைகள் அதற்கு முன்பே பட்டென்று மூடிக்கொண்டன. மறுபடி. மறுபடி. இருபது முறை. இருபது முறையும் மூடினாள்.

"ஐயோ... இவ்வளவு கஷ்டமா இது? நான் மூடவே இல்லீங்க, அதுவா மூடுது!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூடாதேன்னுதான் டைரக்டர் ஒரு வருஷமா நான் அதுகிட்ட சொல்லிட்டிருக்கேன்."

பின்னாலிருந்து லாரி தொண்டையைக் கனைத்தான். "டேய், வழுக்கினவனைவிட மூடினவன் எவ்வளவோ மேல்டா. எனக்கு இப்பவும் மூடுது. யார்கிட்டயும் சொல்லிடாத."

ஆந்தை நேராக அவளிடம் திரும்பினான். "கதையை எடுக்க வேணாம். கட்டம் ஏழை மட்டும் மாத்துங்க. குத்து வருது, கண்ணு மூடல. அங்கேயே படத்தோட பேரைப் போட்டு முடிச்சிடுங்க; எட்டும் ஒன்பதும் வேணாம். நடிக்க நான் வர்றேன்."

சனிக்கிழமை படப்பிடிப்பு. பஞ்சு கேமராவில், அடி இல்லை என்பதால் அவனுக்கு ஒரே சந்தோஷம். குத்துபவன் லாரி. 'மூணு, ரெண்டு, ஒண்ணு' கிடையாது. 'ஆக்ஷன்' சொன்னபின் லாரிக்குத் தோன்றும்போது குத்துவான். ஏழு டேக் எடுத்தார்கள். எல்லாம் அருமை என்று கைதட்டினார்கள்.

மாலை வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தாள். முதல் டேக்கில், குத்துக்குச் சற்று முன்னால், ஆந்தை கண்ணை இமைத்தான். இரண்டாவதிலும் இமைத்தான். ஏழிலும்!

அவளுக்கு அழுகையே வந்தது. ஒரு வருடமாக இமைக்காமல் நிற்கப் பழகியவன்... எதற்காக இமைத்தான்? பஞ்சுவைப் போலப் பயந்து இறுக மூடவில்லை. லேசாக, இயல்பாக, ஒரு முறை.

அக்கா பின்னால் வந்து நின்றாள். "இது பயம் இல்லடி. கடையில தினம் பார்க்கறேனே, 'போர்டைப் பாருங்க, இப்போ என்னைப் பாருங்க'ன்னு சொன்னா இமைப்பாங்க. பார்வை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும்போது இமை தானா ஒரு தடவை மூடித் திறக்கும். மூடறதுக்கு முன்னாடி அவன் எங்க பார்க்கறான்னு பாரு."

அவள் ஒவ்வொரு பிரேமாகப் பின்னால் போனாள். இமைப்புக்கு முன்பு, அவன் கருவிழி லாரி மேல் இல்லை. கேமராவுக்கு வலப்பக்கம், இரண்டடி தள்ளி. ஏழு டேக்கிலும் அதே இடம்.

"அந்த இடத்துல யாருடி இருந்தா?"

அவள் காது மடல் சிவந்துவிட்டது.

"சரி சரி, எந்தப் பையனும் இல்ல" என்று அக்கா சிரித்துக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாளைக்குக் கோப்பு தர வேண்டும். பயிற்சிக்கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே மழை நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி எடுப்பதற்காகப் பஞ்சுவும் லாரியும் கேமராவோடு மூலையில் காத்திருந்தார்கள். மடிக்கணினியை ரிங்கின் ஓரத்தில் வைத்து ஏழு பிரேம்களையும் அவனுக்குக் காட்டினாள்.

"லாரியைப் பார்க்க வேண்டிய நேரத்துல எங்க பார்த்தீங்க?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "அது... நீங்க கேமரா பக்கத்துல நின்னீங்கல்ல..."

"நின்னேன்."

"அடி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்களைப் பார்த்துக்கலாம்னு..."

"ஏழு தடவையுமா?"

"ஏழு தடவையும் அடி வந்துச்சே."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ரிங்கின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு உங்க மேல மட்டும் இல்ல. டைரக்டர்னா அங்கேயே உங்க கண்ணைக் கவனிச்சு 'இன்னொரு டேக்'னு சொல்லியிருக்கணும். நான் கவனிக்கல. ஏன்னா... நீங்க என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு தடவையும் நான் வெட்கப்பட்டுக் குனிஞ்சுட்டேன்."

அவன் மடிக்கணினியை மூடினான்.

"இதை நோட்டுல எழுதலையா டைரக்டர்?"

"இதை எழுத மாட்டேன். உன்கிட்ட மட்டும்தான் சொல்வேன்... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."

"எனக்கு அன்னிக்கே பிடிச்சுது. நூத்தி நாப்பத்தி மூணுல வந்து நின்னியே, அப்பவே."

"டைரக்டர், பஞ்சுவுக்குக் கேமரா புடிச்சுக் கை வலிக்குதாம்!" என்று லாரி மூலையிலிருந்து கத்தினான். "இப்போ படம் எடுக்கறோமா, இல்லையா? இவன் கண்ணு உங்க பக்கமே போனா எப்படி எடுக்கிறது?"

அவள் லாரியின் முழுக்கைச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டாள். கையுறைக்குள் கையை நுழைத்தாள்.

வழி எளிது. அவன் பார்வை எங்கே தாவுகிறதோ, அங்கிருந்தே குத்து வர வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி அவளுடைய வலது தோளுக்குப் பின்னால் வைத்தார்கள். லைட்டை லாரி பிடித்தான். பிரேமில் அவள் முகம் வராது, முழுக்கைச் சட்டை மூடிய கை மட்டும் லாரியின் கை போல வரும். எதிரில் நிற்பவள் அவளே என்பதால் அவன் கண் வேறெங்கும் போக வேண்டியதில்லை. அவள் இடது கையால் குத்தினாள், கையுறை அவன் கன்னத்தைத் தொட்டது, அவன் இமைக்கவில்லை. ஒரே டேக்.