யாரும் ஆடாத மெஷின்

யாரும் ஆடாத மெஷினில் யாரோ ஆடியிருந்தார்கள்.

கடையின் பின்னறையில், கால்களில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல், புது வார்னிஷ் வாசனையோடு இரும்பு உருண்டையைத் தட்டி ஆடும் அந்தப் பின்பால் மெஷின் நின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் அதை வாங்க ஆள் வருகிறார் என்பதால் கடைக்காரி மின்சாரம் கொடுத்து அதன் கணக்குத் திரையைத் திறந்தாள். இதுவரை ஆடிய ஆட்டங்கள் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பதே அந்த எண்ணைத்தான். ஒரு ஆட்டம் ஆடினாலும் அது பழைய மெஷின், விலை சரிந்துவிடும். திரையில் பூஜ்யம் இல்லை.

"டேய் ரேடியோ, நீதானே ஆடுன?"

ரேடியோ அவளுடைய தம்பி. வாயை மூடவே மாட்டான் என்பதால் அந்தப் பெயர். அவள் மெஷின்களைப் பழுது பார்ப்பாள், அவன் பேசிப் பேசி விற்பான். அவன் வாய் இல்லாவிட்டால் கடை இல்லை என்பது இருவருக்குமே தெரியும், அவன் அதைத் தினமும் சொல்லியும் காட்டுவான்.

"சத்தியமா இல்லக்கா." குரல் கம்மியிருந்தது. மெஷின் கடைக்கு வந்ததிலிருந்தே அவனுக்குத் தொண்டை சரியில்லை, நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகிறது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

அந்த மெஷினின் மேல் அவளுக்கு முதலிலிருந்தே எரிச்சல். ஏதோ ஒரு பேய்ப் படத்தின் உரிமம் வாங்கிச் செய்தது. சாதாரண மாடலில் இருக்கும் அதே வயர், அதே காயில் சுருள், அதே இரும்பு உருண்டை. லிமிடெட் எடிஷன் என்பதற்காகக் கண்ணாடிபோல் மின்னும் ஒரு ஓவியம், எண் பொறித்த ஒரு பித்தளைத் தகடு, அந்தப் படத்து நடிகையின் சொந்தக் குரல். அவ்வளவுதான். விலை மட்டும் இரண்டு மடங்கு.

"ஒரு தகட்டுக்கா இவ்வளவு?" என்று வாங்கிய அன்றே கேட்டாள்.

"விலை மெஷினுக்கு இல்லக்கா," என்று சிரித்தான் அவன். அப்போது நன்றாகத்தான் பேசினான். "பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட இது இல்ல பாரு, அதுக்கு!"

அவனைத் தேநீர் குடித்துவிட்டு வா என்று முன்பக்கம் அனுப்பிவிட்டு, வண்டியில் ஏற்றுவதற்கு முன் எப்போதும் செய்வதைச் செய்தாள். உருண்டைகளை எடுத்து மேசையில் இருந்த கிண்ணத்தில் போட்டாள். பிளக்கைப் பிடுங்கினாள். மின்விசிறியின் முனகலும், வெளியே போகும் வண்டிகளின் இரைச்சலும், சுவரோரம் நிற்கும் பழைய மெஷின்களின் தூசி நெடியும் மட்டும் மிச்சமிருந்த அந்த அறையில், ஒரு உருண்டை மெதுவாக உருளும் சத்தம் கேட்டது.

கிண்ணத்தைப் பார்த்தாள். எல்லா உருண்டைகளும் அதில்தான் இருந்தன.

டக். உருண்டையைத் தட்டும் ஃபிளிப்பர் அடித்தது. மறுபடி உருண்டது. சூடான காயிலின் கருகல் வாசனை மூக்கில் ஏறியது. பிடுங்கிய பிளக் தரையில் கிடக்க, விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நடிகையின் குரல் எழுந்தது. இழுபட்டது. தடித்தது.

"வாங்க சார், வாங்க. நிதானமா பாருங்க, அவசரமே இல்ல."

ரேடியோ. அவனேதான். வாசலில் ஆள் தலையைக் கண்டதும் அவன் சொல்வது. அந்த நடிகை எந்த ஸ்டூடியோவில் போய் இதைப் பேசினாள்?

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"டேய், இங்க வா!"

தம்பி ஓடி வந்தான். மெஷின் பேசுவதைக் கேட்டான். அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். கம்மிய குரல்கூட வரவில்லை. காற்று மட்டும். தொண்டையைப் பிடித்துக்கொண்டான். கண்களில் நீர் முட்டியது.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மெஷினின் கண்ணாடியை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். "யார் வீட்டுப் பிள்ளை குரலை யாரு எடுக்கறது? குடுத்துடு. இல்லேன்னா கம்பி கம்பியாப் பிரிச்சுப் போட்டுடுவேன். எனக்கு உன்னைப் பூட்டவும் தெரியும், கழட்டவும் தெரியும்!"

மெஷின் சிரித்தது. தம்பியின் சிரிப்பு.

பின்பலகையைக் கழற்றினாள். ஸ்பீக்கர் வயரைப் பிடித்து இழுத்தாள். அறுந்தது. சிரிப்பு நிற்கவில்லை. இன்னொரு வயர். அதுவும் அறுந்தது. விரலில் ரத்தம். விடவில்லை.

"உள்ள வரலாமா?"

வாங்க வந்தவர் அறைக்குள் நின்றார். அவர்களைப் பார்க்கவில்லை, மெஷினைத்தான் பார்த்தார். கண்ணாடியின் மேல் கவிழ்ந்து காது கொடுத்தார்.

"நிதானமா பாருங்க சார்," என்றது மெஷின்.

"அட! இந்தக் குரல் மத்த மெஷின்ல எதுலயும் கிடையாதே!" முகம் மலர்ந்தது. ஆட்டக் கணக்கைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "நீங்க சொன்ன விலைக்கு மேலயே தர்றேன்மா. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

அவள் எழுந்து மெஷினுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். இது விற்பனைக்கு இல்லை, வெளியே போங்கள் என்று முழு மூச்சோடு கத்தினாள்.

சத்தமே வரவில்லை.

"உங்களுக்குன்னே வச்சிருக்கோம் சார்," என்றது அவளுடைய குரல், முதுகுக்குப் பின்னாலிருந்து, இனிமையாக. "எடுத்துட்டுப் போங்க."

"ரொம்ப நன்றிம்மா," என்றார் அவர், பித்தளைத் தகட்டைத் தடவியபடி. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே ஆட்களைக் கூப்பிட்டார்.

அவள் மெஷினின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கத்தைத் தம்பி பிடித்துக்கொண்டான். தூக்க வந்தவர்கள் இழுத்தார்கள். இருவரும் விடவில்லை. இருவரின் வாய்களும் அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தன. ஓசை துளிகூட இல்லாத அந்த இரண்டு வாய்களுக்கும் நடுவே, பளபளக்கும் கண்ணாடிக்கு அடியில், ஒரு அக்காவும் தம்பியும் கலகலவென்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.