கொதி தொண்ணூற்றெட்டு

திங்கட்கிழமை காலை வெயிலுமுத்துவின் காபியில் உப்பு இருந்தது.

ஒரு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற கோமதியைப் பார்த்தார்.

"இன்னைக்கு உங்க வீட்டு முறையோ?"

"ஆமா அண்ணாச்சி. மன்னிச்சுக்கிடுங்க. கோபம் வருதா?"

"வரல. போன வாரம் பதினாலாம் நம்பர்காரன் செருப்புல பசை தடவி வச்சான். அதுக்கே வரல, உப்புக்கா வரும்? ஆனா டிகாஷன் நல்லா இறங்கியிருக்கு."

கோமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். டிப்போ பின்தெரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவள்தான். வெயிலுமுத்துவை யார், என்றைக்கு, எப்படி எரிச்சல்படுத்த வேண்டும் என்ற பட்டியல் அவள் கையெழுத்தில் சங்கப் பலகையில் தொங்கியது. திங்கள், காபி. செவ்வாய், செருப்பு. புதன், வாசலை மறித்து வண்டி நிறுத்திவிட்டு எடுக்க மறுத்தல். வியாழக்கிழமைக்கு எதிரே 'யோசனைகள் வரவேற்கப்படுகின்றன' என்று எழுதியிருந்தது.

சாத்தனேரி நகராட்சியில் மனு எழுதுவதை ஒழித்து ஏழு வருடம் ஆகிறது. இப்போது தெருவுக்கு ஒரு குறையுணர் தூண். ஆளுயரம், பச்சை பெயின்ட், நடுவில் ஒரு கண்ணாடிக் கண், அதற்குக் கீழே அறிவிப்புத் திரை. வயிற்றுக்குள் சினமானி. முன்னால் நின்று குறையைச் சொன்னால் நெற்றிச் சூட்டையும் கழுத்து நரம்பின் துடிப்பையும் குரலின் நடுக்கத்தையும் அளந்து நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் தரும். அதற்குக் கொதி என்று பெயர். கொதியை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், விஷயத்தை வாயிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஊரில் அன்றைக்கு முதல் பத்து இடம் பிடித்த தெருக்களுக்குப் பணிவண்டி வரும். மற்றவர்கள் மறுநாள் மறுபடியும் கோபப்படலாம்.

இதைக் கொண்டுவந்த ஆணையர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அவர் நல்லவர். உண்மையாகக் கஷ்டப்படுகிறவனுக்கு உண்மையாகக் கோபம் வரும், பொய்ப் புகார் தானாகக் கழிந்துவிடும் என்று நம்பினார். முதல் வருடம் அப்படித்தான் நடந்தது. கொதி நாற்பது இருந்தால் போதும், மத்தியானத்துக்குள் சாக்கடை அடைப்பு எடுபட்டது. பிறகு ஊருக்கு விஷயம் பிடிபட்டது. நாற்பது அறுபதாயிற்று, அறுபது எண்பதாயிற்று. நடித்துப் பார்த்தார்கள். கூத்துக்காரர் ஒருவர் தொண்டை கிழியக் கத்திப் பதினொன்று வாங்கினார். சினமானியிடம் அசல்தான் செல்லும்.

ஆகவே ஊரே அசல் கோபத்தைச் சேர்த்துவைக்க ஆரம்பித்தது. சம்பந்திகள் சமாதானமாகப் போனால் தெருச் சங்கம் குறுக்கே வந்து படுத்தது. பங்காளித் தகராறு உள்ள குடும்பங்களுக்கு வாடகைக்கு வீடு உடனே கிடைத்தது. குழாயில் தண்ணீர் வர அண்ணனும் தம்பியும் பேசாமல் இருக்க வேண்டும் என்ற நிலைமைக்கு, வரி கட்டுகிற ஒரு ஊர் வந்து சேர்ந்திருந்தது.

டிப்போ பின்தெருவுக்காகத் தூண் முன்னால் நிற்கிற சினப் பிரதிநிதி வெயிலுமுத்து. ஐம்பத்தெட்டு வயது, பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரத்துக்கே கண் கலங்குகிற ஆள். அவர் பிரதிநிதியானதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி சரசு இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தபோது, பக்கத்து வீட்டு ஜெபசிங், இருபது வருடச் சிநேகிதன், நடுத்தெருவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "பொண்டாட்டி சாவுக்கு இவரு அழுததெல்லாம் நடிப்பு. உள்ளுக்குள்ள நிம்மதி."

வெயிலுமுத்துவுக்கு உடம்பெல்லாம் ஆடியது. கோமதிதான் அவர் கையைப் பிடித்துத் தூணுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "லைட்டுன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி!" அவர் என்ன ஏது என்று தெரியாமல் "லைட்டு" என்றார். கொதி எண்பத்து நாலு. ஐந்து மாதம் எரியாத தெருவிளக்கு அன்று சாயங்காலம் எரிந்தது.

அதிலிருந்து தூணுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடி அந்த வாக்கியத்தை நினைத்துக்கொள்வார். வாயால் குப்பை என்பார், பள்ளம் என்பார். வேலை நடக்கும். பக்கத்து வீட்டோடு பேச்சு இல்லை.

இப்போது விஷயம் குப்பை இல்லை. பதினாறு நாளாகக் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து வருகிறது. தெருவில் ஒன்பது பேருக்கு மஞ்சள் காமாலை. அதில் ஒருத்தி கோமதியின் மகள். இன்னொருவர் ஜெபசிங், அரசு மருத்துவமனையில் கிடக்கிறார். அந்த வாக்கியமோ நாலு வருடம் தேய்த்ததில் மழுங்கிவிட்டது. தூணின் திரையில் காலையிலேயே எழுத்து ஓடியது: 'அறிவிப்பு. நேற்று கொதி 79 பெற்ற டிப்போ பின்தெரு பதினான்காம் இடம் பிடித்துள்ளது. முயற்சிக்கு நன்றி.'

"முயற்சிக்கு நன்றியாம்," என்றாள் கோமதி. "விளங்குவானுவளா? அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி ஜெபசிங் அண்ணாச்சிய நேர்ல பாத்துட்டு வாங்க. அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். புதுசா ஏதாவது சொல்லுவாங்க. ஆறுறதுக்குள்ள நேரா தூணுக்கு வந்திருங்க."

"ஆட்டோவுல வரவா, பஸ்ல வரவா? பஸ்னா கண்டக்டரும் கொஞ்சம் ஏத்திவிடுவாரு."

அவள் சிரிக்கவில்லை. மகளுக்குக் காலையிலிருந்து மூன்று முறை வாந்தி.

ஜெபசிங் கட்டிலில் சுருண்டு கிடந்தார். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். வெயிலுமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லும். பஸ்ஸுக்கு நேரமாவுது."

"நேத்து பூரா யோசிச்சு வச்சிருந்தேன் வே. ஓம்ம மூஞ்சியப் பாத்ததும் மறந்துட்டு."

"ஓமக்கா மறக்கும்? அன்னைக்கு மட்டும் எப்படி அச்சடிச்ச மாதிரி வந்துது?"

ஜெபசிங் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதும் யோசிச்சு வச்சதுதான். விளக்கில்லாம பதினேழாம் நம்பர் அத்தை விழுந்து இடுப்பு ஒடிஞ்சுதுல்லா? யாருக்கும் கொதி ஏறல. சங்கத்துல என்னையக் கேட்டாங்க. ஓம்மள எங்க குத்துனா வலிக்கும்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான. வீட்டுல உக்காந்து பேப்பர்ல எழுதிப் பாத்துக்கிட்டு வந்து சொன்னேன். மறுநாளே மன்னிப்புக் கேக்க வந்தேன். சாக்கடை முடியட்டும்னாங்க. அப்புறம் ரோடு முடியட்டும்னாங்க. நாலு வருஷம் போச்சு."

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் வெயிலுமுத்துவுக்கு நூற்றுக்கு நூறு வந்திருக்க வேண்டும். ஒரு மனிதனின் துக்கத்தை எடுத்து விளக்குக்குக் கம்பியாக மாட்டியிருக்கிறார்கள். அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் அன்னைக்கு அழுதேன்ல?"

"அழுதீரு. என் சட்டைதான நனைஞ்சுது."

வெயிலுமுத்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "தினம் காலைல ஓம்ம வீட்டு மிக்சி ஓடும். சவத்தப் பய சட்னி அரைக்கான்னு திட்டுவேன். திட்டிட்டு, அரைக்கான்னா ஆளு நல்லாத்தான் இருக்கான்னு நினைச்சுக்குவேன்."

"நீரு திட்டுறது சுவருக்கு இந்தப் பக்கம் கேக்கும் வே. அதுக்காகத்தான் மிக்சிய ரெண்டு தடவ போடுவேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து சத்தம் போட்டாள்.

வெயிலுமுத்து திரும்பி வந்தபோது தெரு முழுக்கத் தூணைச் சுற்றி நின்றது. கையில் பாட்டில்களிலும் குடங்களிலும் கலங்கல் தண்ணீர். அவர் கண்ணை மூடி அந்த வாக்கியத்தைத் தேடினார். கிடைத்தது. ஆனால் அதில் சட்டை நனைந்திருந்தது.

"தண்ணி," என்றார்.

கொதி ஆறு.

'தங்கள் மனநிறைவுக்கு நன்றி,' என்றது தூண்.

கோமதி கேட்டாள். "என்ன அண்ணாச்சி நடந்தது?"

"ராசியாயிட்டோம்மா," என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

தெரு வெடித்தது. "வெயிலுமுத்து அண்ணாச்சி, ரெண்டு நாள் பொறுக்க முடியலையா உங்களுக்கு?" "நாலு வருஷம் காபி குடுத்தோமே, வெயிலுமுத்து!" "எம் பிள்ள கண்ணு மஞ்சளாக் கிடக்கு, நீரு அங்க போயி கொஞ்சிட்டு வந்திருக்கீரே!" கடைசியில் கத்தியது கோமதி. அவளுக்கு அவரை அண்ணாச்சி என்றே பழக்கம். நீர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நாற்பத்தோரு பேர், நாற்பத்தோரு நெற்றி. தூணின் கண் சிவந்தது.

'கூட்டுக் குறை பதிவாகியுள்ளது. கொதி தொண்ணூற்றெட்டு. நகரில் முதலிடம். பணிவண்டி நாற்பது நிமிடத்தில் வரும்.'

சத்தம் சட்டென்று நின்றது. அப்புறம் ஒரே கைதட்டல். பதினாலாம் நம்பர்காரன் வெயிலுமுத்துவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கோமதி அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தாள். "மனசுல வச்சுக்காதீங்க அண்ணாச்சி."

"வச்சுக்கிட்டா கொதியாவது ஏறும், அதுக்கும் வழியில்ல," என்றார். "இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே எல்லாரும் சேர்ந்து என்னையத் திட்டியிருக்கலாம்லா. உப்பாவது மிச்சம்."

முப்பதாவது நிமிடம் வண்டி வந்தது. அதில் குழாய் இல்லை, பம்பு இல்லை, மண்வெட்டி இல்லை. சீருடையில் மூன்று பேர் இறங்கினார்கள். மேற்பார்வையாளர் ஒரு பெண், மரியாதையாகப் பேசினாள்.

"குறைமூலம் வெயிலுமுத்து, வீட்டு எண் பதினொன்று. யாருங்க?"

"அது ஆளு பேரும்மா!" என்றாள் கோமதி. "எங்க குறை தண்ணி!"

அந்தப் பெண் கைத்திரையைப் பார்த்தாள். "கூட்டுக் குறையில தண்ணின்னு யாருமே சொல்லலையே. இவர் பேர் அறுபத்து மூணு தடவை வந்திருக்கு. குறை எதனால வருதோ அதை அகற்றணும், அதுதான் எங்க வேலை. பைபாஸ் ரோட்டுல குறைமூலக் கிடங்கு இருக்கு. பழைய பேனர், உடைஞ்ச பெட்டிக்கடை எல்லாம் அங்கதான். ஃபேன் இருக்குங்க."

நாற்பத்தோரு பேரும் வண்டியை மறித்தார்கள். தூண் மறுபடி சிவந்தது. "ஒரு தெருவுக்கு ஒரு நாளைக்கு ஒரு குறைதான்," என்றாள் அவள். "இதுக்குக் கோபம்னா நாளைக்குப் பதியுங்க."

வெயிலுமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு தானே வண்டியில் ஏறினார். "வழிய விடுங்க. இந்த நகராட்சி சொன்ன நேரத்துக்கு முன்னாடி வந்து முடிச்ச ஒரே வேலை நான்தான். அதையும் கெடுத்துராதீங்க." சிரிக்கத்தான் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. வண்டி திரும்பியபோது, "ஜெபசிங்குகிட்ட நான் ஊருக்குப் போயிருக்கேன்னு சொல்லிருங்க," என்றார்.

மறுநாள் விடிந்ததும் கோமதி தூணுக்கு முன்னால் வந்து நின்றாள். யாரும் அவளை எரிச்சல்படுத்தவில்லை. இரவு முழுக்கத் தன்னைத் தானே திட்டித் தீர்த்திருந்தாள். 'அண்ணாச்சியைத் திருப்பிக் கொண்டாங்க' என்று சொல்லத்தான் வந்தாள். வாயைத் திறந்த நேரம் வீட்டுக்குள் மகள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

"தண்ணி," என்றாள் கோமதி.

கொதி தொண்ணூற்றேழு. மத்தியானத்துக்குள் குழாய் மாற்றப்பட்டது. தெளிந்த தண்ணீர் குடத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டே அவள் தேம்பினாள்.

அடுத்த நாள் பதினாலாம் நம்பர்காரன் போய் நின்றான். அவனுக்கும் தன் மேலேயே கோபம். அண்ணாச்சியைச் சொல்லத்தான் நினைத்தான், வாசலில் இருந்த பள்ளம்தான் வாயில் வந்தது. தொண்ணூற்றாறு. அடுத்த நாள் இன்னொருவர். தெருவுக்குள் இப்போது அள்ள அள்ளக் குறையாத அசல் சரக்கு இருந்தது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "அண்ணாச்சிய எப்பக் கூட்டிட்டு வாறது?" அவர் திரும்பி வந்துவிட்டால் இந்தக் கோபம் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மழைநீர் வடிகால் முடியட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கோமதிதான் எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து ஜெபசிங் மருத்துவமனையிலிருந்து வந்தார். புதுத் தார் ரோடு, புது விளக்கு, சாக்கடைக்குச் சிமென்ட் மூடி. பக்கத்து வீட்டுக் கதவில் நகராட்சி முத்திரை. "ஊருக்குப் போயிருக்காங்க," என்று சொன்ன கோமதி மேற்கொண்டு பொய் சொல்ல முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஜெபசிங் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தூணை நோக்கி நடந்தார். தெரு பின்னாலேயே வந்தது. நாலு வருடமாக வாய்க்குள் வைத்திருந்த பேரை, தெருமுனை அதிர, தூணின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"வெயிலுமுத்து!"

கொதி நூறு. சாத்தனேரியில் அதுவரை யாரும் தொடாத எண். கண் சிவந்து, அடங்கி, பச்சையானது. திரையில் எழுத்து ஓடியது.

'அறிவிப்பு. தாங்கள் குறிப்பிட்ட குறை இத்தெருவிலிருந்து ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டது. மீண்டும் வராது என நகராட்சி உறுதி கூறுகிறது.'