மூன்று இழுப்பு

பிளக் தரையில் கிடந்தது. அப்படியும் மேஜைமேலிருந்த ரிலே ஒருதடவை ‘டக்’கென்றது.

இனிகோ சால்டரிங் அயர்னை வைத்துவிட்டுக் காது கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசைக்குப் போய்வந்து மீன்குழம்பும் சோறும் உண்ட தெரு கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. ஜன்னல் வழியே உப்புக்காற்றும் துறைமுகத்து நிலக்கரித் தூசியும், அடுக்களையிலிருந்து தங்கை விஜிலா பாத்திரம் துலக்கும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. அவருக்கு வயது அறுபத்திரண்டு. இந்த வயதில் காது தன்பாட்டுக்கு எதையாவது சொல்லும், அதையெல்லாம் நம்பினால் பிழைக்க முடியுமா?

பழைய ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர்களைத் தேடிச் சேர்ப்பதும் அவற்றுக்கு உயிர் கொடுப்பதும்தான் அவருடைய பைத்தியம். பெட்டி கிடையாது, திரை கிடையாது. ஒரு பச்சைப் பலகை, சில பொத்தான்கள், ஆறு சிவப்பு எண்கள், அவ்வளவுதான். இந்தப் பலகை கப்பல் உடைத்த சாமான் விற்கும் கடையில், ஒரு ரிலே கார்டோடும் இரண்டையும் இணைக்கும் முழ நீளப் பட்டைக் கேபிளோடும் கிடைத்தது. பூத்திருந்த உப்பை மூன்று வாரம் தேய்த்தெடுத்து, உப்பிய கெபாசிட்டர்களையும் மாற்றிவிட்டார். ரிலே என்பது கரண்ட் பாய்ந்தால் அசைகிற சின்ன இரும்பு நாக்கு. இன்னும் அவர் கரண்டே கொடுக்கவில்லை.

டக். டக். டக்.

பாத்திரச் சத்தம் நின்றது.

“என்னண்ணே சத்தம்?”

“ஒண்ணுமில்லளா. மெசினுதான்.”

அந்த மூன்று அவருக்குத் தெரிந்த கணக்கு. சங்கு குளிக்க முங்குகிறவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தங்கையின் தாலியை அறுக்க எந்த அண்ணனுக்கு மனம் வரும்? பத்தொன்பது வருடம் முன்னால் விஜிலாவின் புருஷன் கிளைட்டன் ஒன்பது பாகம், அதாவது ஐம்பத்துநாலு அடி ஆழத்தில் முங்கியபோது, கயிறு இனிகோவின் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. மூன்று இழுப்பு வந்தால் தூக்கிவிட வேண்டும். முந்தின இரண்டு ராத்திரியும் இதேபோல ஒரு பலகையோடு மல்லுக்கட்டிவிட்டு வள்ளம் ஏறியவருக்குக் கண் சொக்கியது. இழுப்பு மூன்றும் கைக்குத் தெரிந்தன. அலைதான் என்று நினைத்துக்கொண்டார். விழித்து இழுத்தபோது வெறும் கயிறு வந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

“அவன் இழுக்கவே இல்லளா” என்று கரையில் வைத்துத் தங்கையிடம் சொன்னார். அந்தப் பொய்யோடுதான் அவள் போடும் சோற்றை இன்றுவரை தின்கிறார். அன்று பிடித்த அசதி இன்னும் அவரை விடவில்லை.

சிவப்பு எண்கள் எரிந்தன. 9.

பலகைக்கு மூளையான பெரிய சிப்பைப் பிடுங்கிப் போட்டார். எண் அணையவில்லை. அவள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று ரிலேயை விரலால் அழுத்தினார். விரலுக்கடியில் அது துடித்தது. மூன்று தடவை.

கேபிளைப் பலகையிலிருந்து உருவினார். ஈரமாக இருந்தது. மறுநுனி கார்டில் இல்லை. மேஜைக்குப் பின்னால் கீழே இறங்கியிருந்தது. இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. முழ நீளக் கேபிள்தானே? அறையெங்கும் கடற்சேற்று வாடை. 7. 5. விட்டுவிடலாம் என்று கையை உதறினார். மணிக்கட்டில் கேபிள் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது.

வாசலில் விஜிலா நின்றாள். கையில் சோப்பு நுரை.

“மூணு தடவ கேட்டுச்சே, அண்ணே.”

அவர் கேபிளின் சுற்றை அவிழ்க்கப் பார்த்தார்.

“அன்னைக்கும் அவுக மூணு தடவ இழுத்தாகளா?”

சொல்லிவிடலாம். இப்போதாவது சொல்லிவிடலாம். ஆனால் பத்தொன்பது வருடமாகப் பழகிய நாக்கு.

“இல்லளா.”

எண் 1. மேஜைக்கடியில் தரை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டாக இருந்தது. அதிலிருந்து ஊறி வெளுத்த ஒரு கை எழுந்து, கேபிளைப் பற்றி, கீழே இழுத்தது.

முட்டி இடித்தது. தோள். பிறகு குளிர்ந்த தண்ணீர், இடுப்பு வரை, கழுத்து வரை. மேலே, அவர் இழுத்துப் போட்டிருந்த கேபிளின் நுனியை விஜிலா குனிந்து எடுப்பது தெரிந்தது. தங்கச்சி. பிடித்துவிட்டாள்.

பலகையில் எண் ஏறியது. 2. 3.

மூச்சு முட்டியது. அவர் இழுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

விஜிலா கேபிளைத் தன் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். சாய்ந்துகொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.