அளவெடுத்துத் தைத்த வாடகை

பக்கத்து வீட்டு பீனா பாலோதி வருமான வரி நோட்டீஸோடு படியேறி வந்தபோது, கமலேஷ் தாலுக்தார் பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். வரி இலாகாவில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். துப்புத் துலக்குவதில் அவரைவிட அவர் மனைவி ஷெஃபாலிக்குத்தான் ஆசை அதிகம்.

"மாசம் 19,800 ரூபா வாடகை வாங்கினேனாம், மறைச்சிட்டேனாம்! என் வீட்டுல இருக்கிறதே ரெண்டு ரூம். நானும் என் மக டுபுரும்தான். டப்பா சாப்பாடு குடுத்துப் பொழைக்கிறேன். இது என் வருமானம்னு நின்னுட்டா அவளோட காலேஜ் உதவித்தொகை போயிடும், கமலேஷ்பாபு" என்றாள் பீனா.

நோட்டீஸில் வாடகை கொடுத்ததாகச் சொன்னவர் பெயர் இல்லை.

"வருஷ வாடகை லட்சத்தைத் தாண்டினா வீட்டுக்காரரோட பான் நம்பரைக் காட்டணும். எவனோ உன் நம்பரைப் போட்டு வரி மிச்சம் பிடிச்சிருக்கான். அட்டை நகலை யார்கிட்ட எல்லாம் குடுத்தே?" என்றார் கமலேஷ்.

மூன்று பேர். அவள் அண்ணன் சமீர், கொழுந்தன் பாபி, பேட்டை கிளப் செயலாளர் ஹல்தார். மூவரும் மாதச் சம்பளக்காரர்கள்.

"ஹல்தார்தான்! அந்த மூஞ்சியே சொல்லுதே" என்றாள் ஷெஃபாலி.

"மூஞ்சிக்கு வரி கிடையாது. ஞாயித்துக்கிழமை மூணு பேரையும் டீக்குக் கூப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை சிங்காடா என்கிற வங்காளச் சமோசா சூடாக வந்தது. கமலேஷ் சம்பளப் பிடித்தத்தைப் பற்றி லேசாகப் புலம்பினார். சம்பளக்காரன் வாயைத் திறக்க இதைவிட நல்ல சாவி கிடையாது.

"பி.எஃப்.புக்கே 2,400 போகுது" என்றார் ஹல்தார்.

"எனக்கு மூவாயிரம்" என்றான் பாபி.

"நீங்கள்லாம் புண்ணியவான்கள். எனக்கு 3,960!" என்றார் சமீர்.

கமலேஷ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பி.எஃப். அடிப்படைச் சம்பளத்துல நூத்துக்குப் பன்னிரண்டு. அப்படின்னா உங்க அடிப்படை 33,000, சமீர்பாபு. வாடகைப் படிக்கு வரி விலக்கு எவ்வளவு? மூணு கணக்குல எது குறைச்சலோ அது. வாங்கின படி ஒண்ணு. கொல்கத்தாவுல அடிப்படையில பாதி இன்னொண்ணு. குடுத்த வாடகையில அடிப்படையோட பத்துல ஒரு பங்கைக் கழிச்ச மிச்சம் மூணாவது. ஷெஃபாலி, 33,000ல பாதி?"

"16,500."

"பத்துல ஒரு பங்கு?"

"3,300. கூட்டினா... ஐயோ, 19,800!"

"நிஜ வாடகை பேரத்துல பொறக்கும். இருபதாயிரம், பதினெட்டாயிரம்னு முழுசா வந்து நிக்கும். இது சம்பளத்துக்கு அளவெடுத்துத் தைச்ச வாடகை. பத்துல ஒரு பங்கைக் கழிச்சா சரியா அந்தப் பாதி மிஞ்சும். ஒரு ரூபா குறைஞ்சா விலக்கு குறையும், கூடினா பிரயோஜனமில்ல. இவங்க ரெண்டு பேர் சம்பளத்துக்குத் தைச்சிருந்தா பன்னிரண்டாயிரம், பதினைஞ்சாயிரம்னு வந்திருக்கும். நாளைக்கு உங்க ஆபீஸ்ல ரசீதைக் கேட்கட்டுமா, நீங்களே சொல்லிடுறீங்களா?"

சமீரின் கையில் சிங்காடா பாதியில் நின்றது.

"யாருக்கும் நஷ்டமில்லேன்னு நினைச்சேன். நோட்டீஸ் வரும்னு யாருக்குத் தெரியும்?"

கமலேஷ் ஒரு தாளையும் பேனாவையும் அவர் முன்னால் நகர்த்தினார். பீனா வீட்டில் தான் குடியிருந்ததே இல்லை, ரசீதுகள் பொய், மிச்சம் பிடித்த வரியை வட்டியோடு கட்டிவிடுகிறேன் என்று சமீர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டுபுரின் உதவித்தொகை பிழைத்தது. ஹல்தாரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஷெஃபாலி அவர் தட்டில் இன்னொரு சிங்காடா வைத்தாள்.

பீனா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். அழக்கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை.

"டுபுரோட அப்பா போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷமாச்சு. ஒரு நாள் என் வாசப்படி மிதிச்சதில்ல நீ. காகிதத்துல மட்டும் பன்னிரண்டு மாசம் என்கூடவே குடியிருந்திருக்கியே, அண்ணா!"