குண்டூசி குத்திய பச்சை சோபா

"ஐயோ... கொன்னுட்டானே பாவி!"

சுடலைராஜ் போட்ட அலறலில், மேலகரம் ரோட்டில் போன ஆட்டோ ஒன்று சடன் பிரேக் அடித்தது!

பட்டறைக்குள் கிடந்தது... ஏழடி நீள பச்சை வெல்வெட் சோபா. முதுகு முழுக்க வரிவரியாய் மடிப்பு வைத்த சோபா. இப்போது தையல் பிரிந்து, ஸ்பாஞ்ச் வெளியே எட்டிப் பார்த்தது.

சாயங்காலம் ஐந்தருவியில், சோபாவுக்கு ஆர்டர் கொடுத்த ஸ்வாதியின் புது காட்டேஜ் திறப்பு விழா. சோபா போகாவிட்டால் மற்ற ரூம்களின் ஆர்டரும் கோவிந்தா!

"கடற்கரைதான் மேடம்! எதிர்த்த சோபாக் கடைக்காரன். ஆர்டர் எனக்கு வந்ததுல இருந்து அவனுக்கு வயித்தெரிச்சல்!"

சுடலைராஜ் போனில் இப்படிப் புலம்பியதும் வந்த சப்-இன்ஸ்பெக்டர் தங்கத்தாய், எதிர்க்கடை கடற்கரையைக் காலரோடு இழுத்து வந்தாள்.

"வயிறு எரிஞ்சது நெசம் மேடம்! இவன் வைக்க மடிப்பு வருஷக்கணக்கா சரியாம நிக்குது. என்னுது ஆறே மாசத்துல தொங்கிருது. நெனச்சா சோறு இறங்க மாட்டேங்குது. ஆனா... கை வைக்கல!"

"பொய் சொல்லுதான்! லாக்கப்ல போடுங்க!"

சுடலைராஜின் மனைவி மஞ்சு தையல் மெஷின் பக்கம் நின்றாள்.

தங்கத்தாய் சோபாவைத் தடவினாள். விரலில் சுருக்கென்று குத்தியது.

குண்டூசி! ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு குண்டூசி!

வெல்வெட்டில் ஒரு கீறல் இல்லை. நூலை மட்டும் உருவிவிட்டு, மடிப்பு கலையாமல் ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள்.

"பொறாமைல வந்தவன் பிளேடால கிழிச்சிருப்பான். கொன்னுட்டு பொணத்துக்குப் போர்வையா போத்துவான்? இது மடிப்பு வச்ச கை... தான் வச்சது கலையக்கூடாதுன்னு பழக்கத்துல குத்தியிருக்கு. இங்கன மடிப்பு வைக்கது யாரு?"

சுடலைராஜ் நெஞ்சை நிமிர்த்தினான்.

"நான்தான் மேடம்! நேத்து ஸ்வாதி மேடமே 'உங்க கை தங்கக் கை'ன்னு சொல்லி என்கூட செல்ஃபி எடுத்தாங்க!"

"அப்ப நீதான் பிரிச்சிருக்க. பொய்ப் புகார் வேற. ஏறு ஜீப்புல!"

நிமிர்ந்த நெஞ்சு பொசுக்கென்று அமுங்கியது.

"ஐயோ... மடிப்புக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல மேடம்! கட்டைச் சட்டம் அடிக்கது மட்டுந்தான் நான். மடிப்பு, அது தொங்காம இருக்கப் பின்னால கொடுக்க காடாத்துணி, ரெட்டைத் தையல்... எல்லாம் மஞ்சு கைவேலை!"

மஞ்சுவின் கண்கள் கலங்கியிருந்தன. உதட்டிலோ சிரிப்பு!

"நான்தான் பிரிச்சேன் மேடம். இந்த ஒத்த வார்த்தைய நேத்து அந்த ஸ்வாதி முன்னால சொல்லியிருந்தா நான் எதுக்குப் பிரிக்கேன்? விரல் தேய மடிச்சது நானு... பல்லக் காட்டி செல்ஃபி எடுத்தது இவுங்களா? பொறுக்கல மேடம்!"

"காடாத்துணி கொடுக்கணுமா... அதானா சங்கதி!" என்றான் கடற்கரை, காலரைச் சரிசெய்தபடி.

சுடலைராஜ் தலையில் அடித்துக்கொண்டான்.

தங்கத்தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "சாயங்காலத்துக்குள்ள முடியுமா?"

"ஊசி குத்தித்தான மேடம் வச்சிருக்கேன். தையல் ஓட்டினாப் போதும்."

மஞ்சு மெஷினில் உட்கார்ந்தாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐந்தருவிக்கு நான் முன்னால போறேன், செல்ஃபி எடுக்க. நீங்க சோபாவத் தூக்கிட்டுப் பின்னால வாங்க!"