மூன்றாவது விளக்கு

டக். டக். டக்.

ஆளில்லாத அறையின் கதவை விங்-கெய் மூன்று முறை தட்டினான். தட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"ஒரு ராத்திரிதான் தங்கப் போறோம். கொஞ்சம் தள்ளி இருந்துக்கோங்க" என்று கதவைப் பார்த்துச் சொன்னான்.

தள்ளுவண்டியோடு போன துப்புரவுப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மக்காவ் நகரத்துக்குச் சூதாட வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். எத்தனையோ பேர் தோற்றுவிட்டுப் படுத்த அறைகள். உள்ளே யார் மிச்சம் இருப்பார்களோ, யார் கண்டது?

அவனுக்குப் பின்னால் அவன் மனைவி சோய்-லின் ஒரு கறுப்புத் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பைக்குள் ஜாடி. ஜாடிக்குள் விங்-கெய்யின் அம்மா.

வாசலில் அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அத்தை, ரூம் வந்தாச்சு. உள்ளே வாங்க."

ஹாங்காங்கில் பஸ் ஏறும்போதும் சொன்னாள். நீளப் பாலம் தொடங்கியபோதும் சொன்னாள். சொல்லாமல் பாலம் தாண்டினால் இறந்தவர்கள் வழி தெரியாமல் புறப்பட்ட கரையிலேயே நின்றுவிடுவார்கள்.

கிழவி ஏற்கெனவே போதுமான அளவு நின்றாயிற்று. கணவர் விட்டுப்போன வீட்டை மகன் சீட்டாட்டத்தில் விட்டான். அதற்கப்புறம் வாடகை வீட்டின் கூடத்தில், மடக்குக் கட்டிலில், சமையலறைக்குப் போகிறவர்கள் காலை இடிக்க இடிக்கத் தூங்கினாள். "எனக்குன்னு ஒரு இடம். கையகலம் இருந்தாப் போதும்" என்று கேட்டுக்கொண்டே செத்தாள். செத்த பிறகும் கிடைக்கவில்லை. ஈமச்சடங்குக் கடையின் பின்னறை அலமாரியில், முன்பின் தெரியாதவர்களின் ஜாடிகளுக்கு நடுவே, மாத வாடகைக்கு இரண்டு வருஷம்.

இப்போதுதான் மக்காவ் நகரத்தில் ஒரு கோவிலில் அஸ்தி மாடம் அமைந்தது. நாளை மதியம் மிச்சப் பணத்தைக் கட்டினால் அம்மாவை உள்ளே வைத்துக் கதவை மூடிவிடுவார்கள். சோய்-லின் மூன்று வருஷம் நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணம். எண்பதாயிரம் டாலர்.

"அதுக்கு எதுக்கு சூதாட்ட ஹோட்டல்ல தங்கணும்?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"இலவசமா ரூம் தர்றான். வேண்டாம்னு சொல்றதா?"

"உன்கிட்ட இதுவரைக்கும் வாங்கினதுக்கு மாடியையே எழுதி வைக்கணும் அவன்."

லிஃப்டில் ஒரு படம் ஒட்டியிருந்தது. சிரிக்கிற கணவன், சிரிக்கிற மனைவி. 'எல்லை வகுத்து ஆடுங்கள்.' கீழே உதவிக்கு ஒரு தொலைபேசி எண். தன்னை உள்ளே விடாதீர்கள் என்று தானே எழுதிக்கொடுக்கும் வசதியும் உண்டாம்.

"எழுதிக் குடுத்துடேன்" என்றாள் சோய்-லின்.

"என் கழுத்தை நானே பிடிச்சு வெளியே தள்ளணுமா? எல்லைதானே, வெச்சுக்கறேன். மூவாயிரம். தீர்ந்ததும் என் தோளைத் தட்டு. தோளைத் தட்டிட்டா அதிர்ஷ்டம் போச்சு. அதுக்கப்புறம் எவனும் உக்கார மாட்டான். எழுந்துடுவேன்."

நியாயமாகத்தான் பட்டது. அத்தை உயிரோடு இருந்தபோது அவனை எழுப்பக் காதைத்தான் திருகுவாள். தோளை ஒருநாளும் தொட்டதில்லை. ஏன் என்று சோய்-லின் கேட்டதில்லை.

பையை ஜன்னலோர நாற்காலியில் வைத்தாள். எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, பணத்தை அலமாரிப் பெட்டகத்தில் பூட்டினாள். இருவரும் கீழே இறங்கினார்கள்.

ஆட்டக்கூடத்தில் ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கிவிடும். விங்-கெய் சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நெரித்து, மயிரிழை மயிரிழையாகத் தூக்கி, ஊதி ஊதிப் பார்த்தான். ஊதினால் வேண்டாத புள்ளி பறந்துவிடுமாம். ஒன்றும் பறக்கவில்லை, பணத்தைத் தவிர.

மூவாயிரமும் தீர்ந்தது.

சோய்-லின் அவன் இடது தோளைத் தட்டினாள்.

பக்கத்தில் பல்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்த பருத்த மனிதர் பதறிப்போனார். "ஐயோ தங்கச்சி, என்ன காரியம் பண்றே! விளக்கை அணைச்சுட்டியே!"

"எந்த விளக்கு?"

"தோளுக்கு ஒண்ணு, தலையில ஒண்ணு. மனுஷனுக்கு மூணு விளக்கு. அது எரியற வரைக்கும் வேற யாரும் உள்ளே குடி வர முடியாது. இதுகூடத் தெரியாம புருஷனைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கே."

"இவருக்குள்ளே குடி வர எவன் வருவான் அண்ணே? வாடகைக்கே வழியில்லாத இடம்" என்றாள் அவள். மேஜையே சிரித்தது. விங்-கெய்யும் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

சொன்ன எல்லையில் நின்றுவிட்டான். அவளுக்கு அன்றைக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

அறை வாசலில் அவன் பழக்கத்தில் கதவைத் தட்டினான்.

டக். டக். டக்.

உள்ளிருந்து பதில் வந்தது.

டக். டக். டக்.

விரல் முட்டியின் சத்தம் இல்லை அது. கல்லை மரத்தில் தட்டுகிற சத்தம்.

"பக்கத்து ரூம்" என்றான் விங்-கெய்.

உள்ளே யாரும் இல்லை. பை நாற்காலியில்தான் இருந்தது. ஆனால் அறை முழுக்கக் காய்ந்த ஆரஞ்சுத் தோல் வாசனை. அத்தை எந்நேரமும் வாயில் அடக்கிக்கொள்வது. அவளுடைய பச்சைக் கல் வளையல் கட்டில் சட்டத்தில் இடிக்கும் சத்தமும் சோய்-லினுக்கு நினைவு வந்தது. விங்-கெய்க்கு அந்தத் தோல் வாசனையே ஆகாது. மூக்கைச் சுளித்துக்கொண்டு படுத்துவிட்டான்.

காலையில் அவள் கண் விழித்தபோது கட்டிலில் அவன் இல்லை. பெட்டகம் திறந்திருந்தது.

உள்ளே காலி.

கீழே ஓடினாள். அதே மேஜை. பல்குச்சிக்காரரும் அங்கேயேதான் இருந்தார். விங்-கெய்யின் முன்னால் நாலைந்து பணயச் சில்லுகள்தான் மிச்சம்.

"எழுந்திரு. அது அத்தையோட பணம்."

"இதோ, திரும்பிடும். அம்மாவுக்கு இதைவிடப் பெரிய மாடமா வாங்கலாம், கண்ணு மட்டத்துல..."

"எழுந்திருடா!"

வலது தோளில் ஓங்கித் தட்டினாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. "ரெண்டாவதையும் அணைச்சுட்டியா? சந்தோஷமா? போ, எதிர்ப்பக்கம் போய் நில்லு. என் பின்னால நிக்காதே."

அவனை இழுக்க அவளிடம் பலம் இல்லை. காவலாளி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மேஜையைச் சுற்றிப் போய் எதிரே நின்றாள். அவன் முகத்தையாவது பார்க்கலாம், ஒருவேளை வெட்கப்படுவான் என்று.

அவன் கடைசிச் சில்லுகளையும் தள்ளினான். சீட்டை வாங்கி நெரித்தான். ஊதினான்.

ஆரஞ்சுத் தோல் வாசனை.

சீட்டுப் போடும் பெண் நிமிர்ந்தாள். விங்-கெய்யைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

"பெரியம்மா, ஆடறவங்க தலையில கை வைக்காதீங்க. தள்ளி நில்லுங்க."

அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

பல்குச்சிக்காரரின் வாயிலிருந்து குச்சி விழுந்தது. அவர் தன் சில்லுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

விங்-கெய்யின் உச்சந்தலையில் முடி அமுங்கியிருந்தது. மெல்ல, பின்னோக்கி, அது தானாகவே படிந்தது. தூங்கப்போகும் பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுப்பது போல.

மேஜை விளிம்பில் கல் இடித்தது.

டக்.

அவன் சீட்டைத் திருப்பிப் போட்டான். தோற்றான். முகத்தில் ஒன்றுமே இல்லை.

கோவிலுக்கு யார் போவது? என்ன முகத்தோடு போவது? அவள் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது, காத்திருப்போர் நிறைய இருக்கிறார்கள், மாடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார் அங்கிருந்த பிக்கு. குரலில் கோபம்கூட இல்லை. தினமும் கேட்கிற கதையாக இருக்க வேண்டும்.

அறையைக் காலி செய்யும்போது அவள் வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினாள். "பெத்தவளைச் செத்த பிறகும் தெருவுல நிறுத்திட்டியே. நீ நல்லா இருப்பியா? இனி அந்தக் கடை அலமாரிக்கு வாடகையும் நான்தானே கட்டணும்? வாயைத் திறந்து பேசேன்!"

வழக்கமாக அவன் அழுவான். முழங்காலில் விழுவான். இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வான். இன்று ஒன்றுமில்லை. படுக்கை விரிப்பின் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவி, மூலைகளை ஒழுங்காக மடித்தான். இதற்கு முன் ஒரு படுக்கையை அவன் மடித்து அவள் பார்த்ததில்லை.

பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். வெயில் கடலில் வெள்ளையாக அடித்தது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வரும்போது கை கடுத்த பை, இப்போது லேசாக இருந்தது. அழுத அலுப்பில் கை மரத்துவிட்டது என்று நினைத்தாள்.

பக்கத்தில் ஏதோ மெல்லும் சத்தம்.

விங்-கெய் வாயில் எதையோ அடக்கி, கன்னம் மாற்றி மாற்றிச் சுவைத்துக்கொண்டிருந்தான். ஆரஞ்சுத் தோல் வாசனை அடித்தது. அவனுடைய வலது கை, இடது மணிக்கட்டில் இல்லாத ஒன்றைச் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தது.

பஸ் திரும்பியது. முன்னால் பாலம்.

சோய்-லின் அவசரமாகக் குனிந்து, பையின் காதோரம் சொல்வது போல முணுமுணுத்தாள். "அத்தை, பாலம் வருது. பத்திரமா கூடவே வாங்க."

ஜன்னல் பக்கமிருந்து, மாமியாரைத் தவிர வேறு யாரும் அவளை அழைக்காத பெயரால், அவன் அழைத்தான்.

"பையைப் பார்த்து எதுக்குச் சொல்றே, ஆ-லின்? எனக்குத்தான் இடம் கிடைச்சிருச்சே."