அலமாரிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திட்டு

அப்பாவுக்குச் சந்தோஷம் வந்தால் கை சும்மா இருக்காது. பெயின்டர் அல்லவா, எதையாவது சுரண்டி, புதிதாக வண்ணம் அடித்தாக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி மறுநாள் வீட்டுக்கு வருகிறான். அவன் அறையை நீலமாக்குவதாக அவனுக்கு வாக்கும் கொடுத்திருந்தார்.

வீட்டில் கேள்விப்பெட்டி என்று பெயரெடுத்த அவன் அக்காவும் கூடவே நின்று அலமாரியைத் தள்ளினாள். பின்னால் சுவரில் ஈரம். தட்டு அகலத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை.

"ரெண்டு இழுப்புல போயிடும்" என்று அப்பா சுரண்டும் தகட்டை எடுத்தார்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டது நினைவுக்கு வந்தது. பூஞ்சையின் விதைத்தூள் காற்றில் எங்கும் மிதக்கிறதாம். எல்லோரும்தான் சுவாசிக்கிறோம். நுரையீரலில் இருக்கும் காவல் செல்கள் அதை விழுங்கிவிடும். தப்பிய ஒன்று முளைத்து நூலாக நீண்டால் விழுங்க முடியாது. அப்போது ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து, அதைச் சூழ்ந்து அழிக்கும். தம்பியின் நோய்க்குக் கொடுத்த மருந்து அந்த வெள்ளணுக்களையும் குறைத்துவிட்டது. அவை மறுபடி வளரும்வரை, அந்த நூல் நுரையீரலைத் துளைத்துக்கொண்டு போனால் தடுக்க ஆள் போதாது.

"சுரண்டாதீங்கப்பா. தூள் வீடெல்லாம் பறக்கும்."

"இத்தனை வருஷமா தூளைத்தானேம்மா தின்னுட்டிருக்கேன். எனக்கு என்ன ஆச்சு?"

"உங்க உடம்புல காவலுக்கு ஆள் இருக்கு. அவனோட ஆளுங்க இன்னும் வளரவே இல்லப்பா."

அப்பாவின் கை நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். சுவரைத் தொடவே வேண்டாம், பையனை வேறு அறையில் வையுங்கள் என்றார்கள். அவர் முகம் வாடிவிட்டது. வேறு அறை என்றால் அவளுடையது ஒன்றுதான். வெயில் நன்றாக வரும் அறை, அடம்பிடித்து வாங்கியது.

ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு தன் தலையணையைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அப்பா தம்பியின் அறையை மூடி, கதவிடுக்கு முழுவதும் டேப் ஒட்டினார். அம்மா அக்காவின் அறையை ஈரத் துணியால் துடைத்தாள்.

மறுநாள் தம்பி வந்தான். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. நீல அறை எங்கே என்று சிணுங்கினான். அவள் நடந்ததைச் சொல்லி, வெள்ளணு வளர்ந்து, டாக்டர் சரி என்றதும் அப்பா அடித்துத் தருவார் என்றாள்.

"அது எங்க வளரும்?"

"எலும்புக்குள்ள."

தம்பி குனிந்து தன் முழங்காலிடம் ரகசியமாகச் சொன்னான்: "சீக்கிரம் வளருங்கப்பா. எங்கப்பா வேலையில்லாம நிக்கிறார்."